பாடை போகாத தடம்

பதினோரு அடி. ஒரு கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். மாதம் ஒரு முறையாவது அதை எடுத்துக்கொண்டு போய்த் தடத்தின் குறுக்கே போட்டுப் பார்ப்பேன். மண் தடம் எப்படிச் சுருங்கும் என்று என் மனைவி கேட்பாள். சுருங்காதுதான். ஆனால் வேலி ஓரத்துக் கல் ஒன்று போன மாதம் இருந்த இடத்தில் இல்லையோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டால், அளந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சட்டம் தெரிந்தவர்கள் பேசினால் பாதி புரியும். புரியாத பாதியை நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். அந்த வருஷங்களில் ராஜ்ஜியங்களை மொழி பார்த்துப் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் வீடு ஜூஜுவாடிக்குச் சற்று இந்தப் பக்கம். கோடு எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே விழுந்து, தடம் ஒரு ராஜ்ஜியத்திலும் வீடு இன்னொரு ராஜ்ஜியத்திலும் போய்விட்டால் என்ன செய்வது என்றுகூட யோசித்திருக்கிறேன்.

நான் லாரி டிரைவர். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம் என்று லோடு போகும். முதலாளி கிருஷ்ணகிரிக்காரர். வண்டியை அவருடைய ஷெட்டில் விட்டு, அங்கேயே ஒரு மூலையில் படுத்து, பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தடத்தோடு சேர்த்து இந்த வீட்டை வாங்கிய பிறகுதான், வண்டியை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள அவர் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

"தடத்துக்குப் படல் இருக்கணும், மூடணும். ஊர் ஜனம் நடக்கற வழியில என் வண்டி நிக்கக் கூடாது. அப்பிடி ஆச்சுன்னா வண்டி இங்கதான் வரும், நீயும் இங்கதான் படுப்ப."

மூங்கில் படல் ஒன்று கட்டி ரோட்டோரத்தில் வைத்தேன். அந்தத் தடத்தால்தான் நான் என் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு வீடு, எங்களுக்குப் பக்கத்து வீடு அதுதான். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம் என்று பேசுகிற குடும்பம். ரோட்டுக்குப் போக அவர்களுக்கென்று ஒரு வழி உண்டு. அது ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போகும், கால் மணி நேரம் ஆகும். என் தடத்தில் வந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரம். எனக்கு விற்றவர் அவர்களை நடக்க விட்டிருந்தார். நான் வந்த பிறகும் நடந்தார்கள். தலைச்சுமையோடு நடந்தார்கள், எருமையை ஓட்டிக்கொண்டு நடந்தார்கள், மாட்டு வண்டியும் வந்தது. தை மாதம் கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்து, என் தடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். நான் லாரியோடு வந்து நின்றேன்.

"ஏறி வாங்கண்ணா!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கையை ஆட்டினார். "மெதுவா, மெதுவா. அப்பிடியே ரெண்டு தரம் பின்னால போயி முன்னால வந்துடுங்க."

முதலாளியின் லாரியை வைத்துக் கொள்ளு அடிக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. ஆனாலும் இரண்டு தடவை போய் வந்தேன். சாயங்காலம் அவர் மனைவி ஒரு முறம் நிறையக் கொள்ளு கொண்டுவந்து கொடுத்தாள்.

"சண்டை போடறன்னு போனீங்க, கொள்ளு வாங்கியாந்து நிக்கறீங்க" என்றாள் என் மனைவி.

அவர்களோடு சண்டை போட முடியாதது அதனால்தான். படலை மூடினால் திறந்து போவார்கள், ஆனால் நான் மூடியதைவிட நன்றாக மூடிவிட்டுப் போவார்கள். என் ஹாரன் சத்தம் கேட்டால் அந்த வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து படலைத் திறந்து பிடிப்பார்கள். இவர்களை எப்படித் தடுப்பது?

ஓசூரில் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்காரும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நடக்கறதா, போவட்டும். வண்டியா, அதையும் பேசிக்கலாம். பாடை போச்சா?"

"இல்லீங்க."

"போவ விடாத. ஒரு தரம் பொணம் போன தடத்த அப்பறம் எவனும் அடைக்க முடியாது. ஊரே சாட்சி சொல்லும். அது சுடுகாட்டு வழின்னு ஆயிடும்."

அவர் சொன்னது சட்டமா, வழக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் தடத்துக்கு நேர் எதிரே. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

அந்த மாதமே பக்கத்து வீட்டுக்காரரின் மச்சான் வந்து சேர்ந்தார். தங்கச் சுரங்கத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இருமலோடு தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது. அவரைக் கட்டிலோடு என் தடத்தின் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். இதே நாலு பேர் இவரைத் திரும்ப எப்படித் தூக்கிவருவார்கள் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் காலையில் போய் விசாரித்தேன். அதற்கு மறுநாளும் போனேன். பெங்களூரிலிருந்து ஆரஞ்சு வாங்கிவந்தேன். ஆட்டுக்கால் சூப் நெஞ்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் மனைவியை வைக்கச் சொன்னேன். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவங்க செய்ய மாட்டாங்கண்ணா" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மச்சானுக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிட்டது.

"ரா டிரைவரே, கூர்ச்சோ" என்பார், நான் போனதும். வா, உட்கார் என்று அர்த்தம்.

"இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

"உன் தடத்துக்கு இன்னைக்கு ஆபத்து இல்ல. நிம்மதியா வண்டிய எடு."

"அப்பிடி எல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"பொய் சொல்லாத, எனக்கு இருமல் வருது." உண்மையிலேயே இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "என் மச்சான் என்னைக் காலைல ஒரு தரம் கேக்கறான். நீ மூணு தரம் கேக்கற. கேக்கும்போது என் மூஞ்சியப் பாக்கல, வாசல் வழியா தடத்தையே பாக்கற. நான் சுரங்கத்துல இருட்டுலயே ஆளைத் தெரிஞ்சுக்கறவன்யா."

நான் எழுந்துகொண்டேன்.

"கூர்ச்சோ, கூர்ச்சோ. பயந்தவனைப் பாத்தா எனக்குப் புடிக்கும். கீழ எறங்கற எடத்துல பயப்படறவன் பக்கத்துலதான் நான் நிப்பன். அவன்தான் மேல பாறை அசையுதான்னு பாத்துகினே இருப்பான்."

அதற்குப் பிறகும் போனேன். போகாமல் இருந்தால் இன்னும் மோசமாகத் தெரியுமே. அவர் சுரங்கக் கதை சொல்வார், நான் ரோட்டுக் கதை சொல்வேன். தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காமல் இறங்கியதைச் சொன்னபோது அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு நாள் கிருஷ்ணகிரியில் அவருக்காக மாம்பழம் பொறுக்கும்போது தடத்தின் ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது. அதற்கும் ஒரு பயம் வந்தது.

"நான் போனா உன் தடத்துல எடுக்க வேணாம்னு வீட்டுல சொல்லிட்டன்" என்றார் ஒரு தடவை, தோலைச் சப்பிக்கொண்டே.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை விடாமல் பிடித்தது. சேலத்தில் லோடு இறக்கிவிட்டு ஒரு நாள் காலை திரும்பிவந்தேன். ஹாரன் அடித்தேன். படலைத் திறக்க யாரும் வரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

பின்வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் வந்தார்.

"கோழி கூப்படற நேரம் போயிட்டாருண்ணா. உங்களத்தான் கேட்டாரு. சேலம் போயிருக்கீங்கன்னு சொன்னன்."

நான் தடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்க தடம் வேணாங்கண்ணா. அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஏரிக்கரையிலயே எடுத்துக்கறோம்."

ஏரிக்கரை எங்கே இருக்கிறது? ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்துகொண்டிருந்தது. அந்த வழியில் இடுப்பளவு தண்ணீர் பாய்ந்தது.

"எப்ப வடியும்?"

"மழை விட்டா ரெண்டு நாளு."

வீட்டுக்கு வந்தேன். பிணம் எடுக்கிற வரைக்கும் சுற்று வீடுகளில் அடுப்பு எரியக் கூடாது. என் மனைவி பற்றவைக்காத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"போயி படலத் தொறந்து உடுங்க" என்றாள்.

"தொறந்தா வண்டி போயிடும். மறுபடியும் ஷெட்டுதான்."

"ரெண்டு நாளு அந்த மனுசனப் போட்டு வெப்பாங்களா? நீங்க வாங்கியாந்த ஆரஞ்சு அவரு தலமாட்டுல இன்னும் கெடக்குதுங்க."

நான் வாசலுக்கும் படலுக்குமாக நடந்தேன். தடத்தில் தண்ணீர்கூட நிற்கவில்லை. மேடான தடம், நானே சரளை கொட்டியது. ஒரு பாடை என்ன, தேரே போகலாம். முதலாளிக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று ஒரு தடவை தோன்றும். ஊரே சாட்சி சொல்லும் என்று பத்திர எழுத்தர் சொன்னது அடுத்த தடவை தோன்றும். ஐந்தாறு முறை நடந்த பிறகு என் கண் தடத்துக்குப் பக்கத்தில் இருந்த வயலில் நின்றது. அதுவும் என்னுடையதுதான். பின்வீட்டு வேலியிலிருந்து ரோடு வரைக்கும் கேழ்வரகு. கதிர் முற்றி, இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அறுக்க வேண்டியது.

கூரையில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

"ஐயோ, இன்னாங்க இது!" என் மனைவி மழையில் ஓடிவந்தாள். "தடம் வெறுமனே கெடக்குது, முத்துன கேவுர அறுக்கறீங்களே!"

"வயல்ல ஒரு தரம் போனா போவட்டும். அப்பறம் உழுதுட்டா ஒண்ணுமில்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் ஒரு அரிவாளை எடுத்துவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதலில் நினைத்திருப்பார். புரிந்ததும் தன் பக்கத்து வேலியைப் பிரித்துவிட்டு, அந்த முனையிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தார். உச்சிப்பொழுதுக்கு இரண்டு முனையும் சேர்ந்தன. பாடை தூக்குகிறவர்கள் அக்கம்பக்கமாக நடக்கிற அகலம்.

பாடை வந்தபோது நான் படலுக்கு வந்து நின்றுகொண்டேன். மூடிய படலின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது ஞாபக மறதியாகத் தடத்துக்குத் திரும்பிவிட்டால் என்கிற பயம்தான், வேறென்ன. பொரி இறைத்துக்கொண்டே, சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஏறி, இறங்கிப் போனார்கள். எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. ஒரு இடத்தில் தூக்குகிறவருக்குக் கால் வழுக்கிப் பாடை என் பக்கமாகச் சாய்ந்தது. நான் படலை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். அப்படியே சுடுகாடு வரைக்கும் போனேன்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க அறுத்த வழியாகவே போனார்கள். கருமாதிக்கும் அப்படித்தான். மிச்சக் கேழ்வரகை நாங்கள் அறுத்து முடித்த பிறகும் அந்தக் கோடு மட்டும் தெரிந்தது. மார்கழியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலைச்சுமையோடு அதில் நடந்தார்கள். எருமையும் பழகிவிட்டது. தை மாதம் கொள்ளைக் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டில் பரப்பினார்கள். என் தடத்தில் ஒரு கால் படவில்லை. சத்தியம் பாடைக்குத்தானே, நடப்பதற்கு என்ன என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"வேணாங்கண்ணா, அது உங்களுக்கே இருக்கட்டும். எங்களுக்குத்தான் ஒரு வழி உட்டுட்டீங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

முதலாளி ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, படல் மூடியிருப்பதைக் கண்டு திருப்தியாகப் போனார். நான் தினமும் வண்டியை நிறுத்தி, இறங்கி, படலைத் திறந்து, ஏறி, உள்ளே ஓட்டி, மறுபடி இறங்கி வந்து மூடினேன். பழக்கத்தில் ஹாரன் மட்டும் அடித்துவிடுவேன்.

ஆடியில் உழ வந்தவர் ஏரைக் கட்டிக்கொண்டு அந்த வழியின் ஓரத்தில் வந்து நின்றார். "இதையும் சேத்து ஓட்டிடட்டுங்களா?"

உழுதுவிட்டால் ஒன்றுமில்லை என்று சொன்னவன் நான்தான். பத்திர எழுத்தர் சொன்னபடி பார்த்தால் அது இப்போது சுடுகாட்டு வழி, தொடக் கூடாது. அவரிடம் போய்க் கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவார். உழவர் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். மழையில் பாடை சாய்ந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

"உட்டுட்டு ஓட்டுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் கயிற்றை எடுத்துப்போய் அந்த வழியின் குறுக்கே போட்டு, இரண்டாவது முடிச்சுப் போட்டேன். மூன்றரை அடி. அதற்குப் பிறகு மாதா மாதம் இரண்டையும் அளந்தேன். உழுகிறபோது ஓரத்தை நறுக்கிவிட்டார்களா, வழி குறுகிவிட்டதா என்று பார்ப்பேன். மூன்றரைக்குக் குறைந்தால் தூக்குகிறவர்களுக்குக் கால் வைக்க இடம் போதாது.