அண்ணனின் இத்தாலி வண்டியும் அம்மா வைத்த சந்தனமும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், சம்பந்தி வீட்டாருக்கும், மில் தொழிலாளர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் தம்பியாகிய நான் கைகூப்பி எழுதுகிறேன். கட்டுரையை என் மூத்த மருமகன் எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் தமிழ் வாத்தியார், அழகாகவே எழுதுவார். நான்தான் வேண்டாம் என்றேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் உத்திரமேரூர் வட்டாரத்தில் முதல் ரைஸ் மில் வைத்தவன், முதல் லாரி விட்டவன், இன்றைக்கும் யார் உதவியும் இல்லாமல் என் கடிதங்களை நானே எழுதுகிறவன். என் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு வேறு ஆள் எதற்கு? பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூருக்கு மேற்கே ஏரிக்கரை ஓரத்துச் சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின் நான். நாங்கள் இரண்டே பிள்ளைகள். ஏரி நிரம்பினால் விளையும், இல்லாவிட்டால் இல்லை என்கிற கொஞ்சம் நிலம். அப்பா காய்ச்சலில் போனபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவப் போனார். கழுவப் போனவர் கழற்றக் கற்றார், கழற்றியதை மாட்டக் கற்றார். அவர் அனுப்பியதில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம். நான் என் கையாலேயே மேலே வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கைக்குச் சோறு போட்டவர் அண்ணன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சென்னையில் யாரோ ஒரு பணக்காரப் பிள்ளை ஆசைக்கு வரவழைத்த இத்தாலி மோட்டார் சைக்கிள், உதிரிச் சாமான் கிடைக்காமல் ஒரு கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. அதன் டேங்க் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாக அண்ணன் சொல்வார். பழைய இரும்பாக வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது. அம்மா மட்டும் ஆரத்தி எடுத்தாள்.

அந்த வண்டியோடு அண்ணன் பட்ட பாட்டை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் ஸ்பானர் எல்லாம் அப்போது இங்கிலீஷ்காரன் அளவு, அங்குலக் கணக்கு. இத்தாலிக்காரன் போல்ட்டோ மில்லிமீட்டர். ஒன்று நுழையாது, நுழைந்தால் வழுக்கி முனையைத் தின்றுவிடும். அண்ணன் அங்குல ஸ்பானர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அந்த வண்டிக்கென்றே ஒரு செட் செய்துகொண்டார். தேய்ந்த வாசருக்குப் பதில் பழைய செருப்புத் தோலை வெட்டிப் போட்டார். கியர் வரிசையும் மற்ற வண்டிகளுக்குத் தலைகீழ். மணியக்காரர் மகன் ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கி, வேகத்தைக் குறைக்க நினைத்துக் கூட்டி, நேராக வைக்கோல் போருக்குள் போய் நின்றார். வெளியே வந்தவரிடம் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி: "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?"

அந்த வண்டியின் பின்சீட்டில்தான் என் வியாபாரமும் தொடங்கியது. விதைநெல் மாதிரியை மடியில் கட்டிக்கொண்டு திருமுக்கூடல், வாலாஜாபாத் என்று ஊர் ஊராகப் போவேன். ஓட்டுபவர் அவர், பேசுபவன் நான். இத்தாலி வண்டியில் வந்து இறங்குகிறவனுக்கு எந்த ஊரிலும் மரியாதைதான்.

இனி நான் எழுதப்போவதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை. பெரியப்பா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். அம்மா உயிரோடு இருந்தவரை சொல்ல முடியாது. அண்ணன் இருந்தவரை சொல்லக் கூடாது. இரண்டு பேரும் இப்போது இல்லை.

மாகறலில் அண்ணனுக்குப் பெண் பார்த்தோம். நல்ல விவசாயக் குடும்பம். பெண்ணுடைய அப்பா சொன்ன சொல் தவறாதவர், நாள் நட்சத்திரத்தில் மிகவும் கண்டிப்பு. அண்ணனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், அன்று வீடு திரும்பும் வழியில் அவர் சீட்டி அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சீட்டி அடித்து நான் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பரிசப் புடவை பெண் கையில் ஏற வேண்டும். புடவை காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் தறியிலிருந்து அன்று காலையில்தான் இறங்குவதாக இருந்தது. அம்மாவும் உறவுக்காரர்களும் தட்டு வரிசையோடு மாட்டு வண்டிகளில் மாகறல் போய்விடுவது, அண்ணனும் நானும் மோட்டார் சைக்கிளில் புடவையை வாங்கிக்கொண்டு நேரே அங்கே வந்துவிடுவது என்று பேச்சு.

கிளம்பும்போது அம்மா வண்டியை நிறுத்தினாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"இருடா நைனா, நல்ல காரியத்துக்குப் போற வண்டி, வெறுமனே போவலாமா?" என்று விளக்குக்கு, கைப்பிடிக்கு, சக்கரத்துக்கு எல்லாம் பொட்டு வைத்தாள். கடைசியில் பெட்ரோல் டேங்க் மூடி மேல், அதுதான் வண்டிக்கு நெற்றி என்று நினைத்தாளோ என்னவோ, தாராளமாக ஒரு விரல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"போதும்மா, வண்டிக்கே கல்யாணம் பண்ற மாதிரி கீது" என்றேன் நான்.

"நீ சும்மா இருடா வாயாடி."

அண்ணன் சிரித்துக்கொண்டே உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது.

போகும்போது பாலாற்றுக்குச் சற்று முன்னால் ஒருமுறை நின்றது. டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார், கிளம்பிவிட்டது. பிளக்தான் கரி பிடித்திருக்கிறது என்று நினைத்தோம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் புடவை தயாராக இருந்தது, அரக்கு உடலில் மயில்கழுத்து நிறக் கரை. மங்கல காரியமாயிற்றே என்று டேங்க் வழிய வழியப் பெட்ரோல் போட்டார் அண்ணன். அதிலிருந்து பிடித்தது சனி.

பாலாற்றைத் தாண்டியதும் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைத் துடைத்தார், ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மூடியைத் திறந்து பார்த்தார், இருக்கிறது. இந்தத் தடவை பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார், ஓடியது. அப்பாடா என்பதற்குள் மறுபடியும் நின்றது. கார்ப்பரேட்டரைப் பிரித்தார். அடுத்த தடவை மேக்னெட்டோவைத் திறந்து, தீப்பொறி கொடுக்கும் முனையை நெருப்புப் பெட்டிப் பட்டையால் தேய்த்தார். எதைச் செய்தாலும் வண்டி கிளம்பியது, எதைச் செய்தாலும் நின்றது. எதிரே வந்த நெல்வண்டிக்காரர் வேறு, "இன்னா மாப்ள, மாட்டுல கட்டி இழுத்துக்கினு போலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் புடவைப் பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, பிளக்கை மாத்து, ஒயரைப் பாரு என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் கை முழங்கை வரை கறுப்பு. பட்டு வேட்டியில் எண்ணெய்.

மாகறல் வாசலில் போய் நின்றபோது ராகு காலம் பிறந்துவிட்டிருந்தது. அம்மா எழுந்து வந்து அண்ணன் கையைத் தன் முந்தானையால் துடைக்கப் பார்த்தாள். பெண்ணின் அப்பா வெளியே வந்து, "வெயில்ல வந்துகீறீங்க, மொதல்ல மோர் குடிங்க தம்பி. நாள் எங்க ஓடிப்போவுது? அப்பறமா பாத்துக்கலாம்" என்றார். வேண்டாம் என்பதை நல்ல மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியிலும் வண்டி நின்றது. இப்போது அவசரம் இல்லை. அண்ணன் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எதையும் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் எழுந்துபோய் மெதுவாக டேங்க் மூடியைத் திருகினார். உஸ் என்று ஒரு சத்தம், மூழ்கியவன் தலை தூக்கி மூச்சு இழுக்கிற மாதிரி. அண்ணன் மூடியைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசித் துளை போல ஒரு ஓட்டை. அது வழியாகத்தான் டேங்கிற்குள் காற்று போக வேண்டும், காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்த ஓட்டைக்கு மேல் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. டேங்க் நிரம்பி உள்ளே காற்றுக்கு இடமே இல்லாமல் போனதால்தான் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியபின் அடிக்கடி நின்றது. வழியெல்லாம் நாங்கள் செய்த வைத்தியம் எதுவும் வைத்தியம் இல்லை. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தோமே, அதுதான் வைத்தியம்.

வேலியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்துத் துளையைச் சுரண்டி ஊதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரியக் கூடாதுடா."

அவ்வளவுதான். வீடு வரை வண்டி நிற்கவே இல்லை.

சில நாள் கழித்து அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மாகறல் போனார். "நீ பேசாத, நான் பேசிக்கறேன்" என்றார். பேசத் தெரிந்தவன் நான், எத்தனையோ முறிந்துபோன சம்பந்தங்களை ஒட்டவைத்தவன். நான் பேசியிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்று இன்றும் தோன்றுகிறது. அண்ணன் டேங்க் மூடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பெண்ணின் அப்பாவான அந்தப் பெரியவர் கையில் கொடுத்தார்.

"மாமா, வண்டில கோளாறு இல்ல. இந்த ஓட்டைல சந்தனம் அடைச்சிக்கிச்சு. நான்தான் பாக்காம அப்பிட்டேன்."

அம்மா வைத்ததைத் தான் வைத்ததாகச் சொன்னார். பெரியவர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார்.

"இம்மாஞ் சின்ன ஓட்டையா?"

"ஆமா மாமா."

"சாமிக்கு அரைச்ச சந்தனமா?"

"ஆமா மாமா."

பெரியவர் மூடியைத் திருப்பித் தந்தார். "வண்டி கெட்டுப்போய் நின்னிருந்தா அது இரும்பு தம்பி, ரிப்பேர் பண்ணிக்கலாம். நானே வேற நாள் குறிக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா மங்கலத்துக்கு வச்ச சந்தனமே வழிய மறிச்சிருக்குதுன்னு நீயே சொல்ற. அது சாமி வேணாம்னு சொன்னதில்லியா? தெரிஞ்சும் நான் எப்படி பொண்ணு குடுக்கறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். உண்மையைச் சொன்னதால் கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, கிணற்றடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"இப்ப ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது" என்றார் அண்ணன்.

அவர்கள் பேசிக்கொண்டது அது மட்டும்தான். அடுத்த தையில் அந்தப் பெண் தென்னேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். நன்றாக இருந்தாள் என்று கேள்வி.

அதன்பின் எத்தனையோ இடம் பார்த்தேன். "உனக்குப் பண்ணு மொதல்ல" என்றார். எனக்கு ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள். மில் வந்தது, லாரி வந்தது. இன்ஜின், பெல்ட், பம்புசெட் எது நின்றாலும் அண்ணன் கை பட வேண்டும். ஊரில் யார் வீட்டு மோட்டார் பழுதானாலும் கூலி பேசாமல் போவார். கஞ்சி கொடுத்தால் குடிப்பார். யாரையும் குறை சொல்லமாட்டார். அம்மா மட்டும் கடைசிவரை அந்த வண்டியைத் திட்டினாள். "இந்த எழவெடுத்த இத்தாலிக்காரன் வண்டிதான் என் புள்ளைய தனி மரமா நிறுத்திச்சு. வித்துத் தொலைடா" என்பாள். அண்ணன் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். விற்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வண்டி பழி சுமந்தது, அம்மா நிம்மதியாகக் கண் மூடினாள்.

திட்டினாலும் ஆயுத பூஜைக்கு அம்மா அந்த வண்டிக்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். சந்தனக் கிண்ணத்தோடு அவள் வரும்போது டேங்க் வாய் துணி சுற்றி இருக்கும்.

"மூடி எங்கடா?"

"வாசர் மாத்தணும்மா, கழட்டி வச்சிருக்கேன்."

"வருஷா வருஷம் இந்த பூசை அன்னிக்குத்தான் உனக்கு வாசர் போவுமா?"

அண்ணன் குனிந்து சக்கரத்தைத் துடைப்பார். அவர் சட்டைப் பை கனத்துத் தொங்கும். எனக்கு மட்டும் தெரியும்.

கடைசியில் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு விடுவது சிரமமாயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், சென்னைக்கும் கொண்டுபோனேன். நான் நினைத்தால் நடக்காதது இந்த வட்டாரத்தில் இல்லை என்று இருந்தவன், அங்கே வராந்தாவில் சும்மா நின்றேன். அவருக்கு ஒரு வீடு, ஒரு துணை, அவர் பெயர் சொல்ல ஒரு பிள்ளை, எதையும் என்னால் அமைத்துத் தர முடியவில்லை. மில் வைத்தேன் என்கிறேன், லாரி விட்டேன் என்கிறேன். இந்த ஒன்றில் நான் தோற்றவன்.

அவர் படுத்திருந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் மருமகள்களுக்கும், கேட்காமலேயே ஜீப் அனுப்பிய அண்டை வீட்டாருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த மில் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாக்களுக்கும், மாகறலிலிருந்து மாலையோடு வந்து நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் அந்த வண்டியையும் துடைத்து நிறுத்தப்போகிறோம். வருகிறவர்கள் விளக்குக்கும் சக்கரத்துக்கும் மனம்போல் பொட்டு வையுங்கள், பூ வையுங்கள். டேங்க் வாய் துணி சுற்றி இருக்கும். மூடி எங்கே என்று யாரும் தேட வேண்டாம். அது என் சட்டைப் பையில் இருக்கும்.