தட்டில் மிஞ்சிய பாதிச் சோறு

பிள்ளைகளே, யுத்தகாலத்தில் எங்கள் பிரேசர் டவுன் வீட்டில் அரிசியை அளந்துதான் உலையில் போடுவோம். அந்த நாட்களில் என் மனைவி ரோசி தட்டின் இடப்பக்கத்துச் சோற்றைத் தொடாமலே எழுந்துவிடுவாள். பெற்றவள் பிள்ளைகளுக்காக மிச்சம் வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். இடப்பக்கக் கதவிலும் அடிக்கடி மோதிக்கொண்டாள். பார்வை மங்கிவிட்டதென்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டும் மோதினாள்.

ஒரு மத்தியானம் அந்த மிச்சச் சோற்றுக்கு என் மகள்கள் இருவரும் சண்டை போட்டார்கள்.

"விடுடி, நேத்தும் நீதான் தின்னே!"

இழுத்த இழுப்பில் தட்டு அரைவட்டம் திரும்பி ரோசியின் முன்னாலேயே நின்றது.

"அட, இன்னும் சோறு இருக்கா?" என்று அவள் அள்ளி அள்ளித் தின்றாள். 

மறுநாள் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையில ரத்தம் ஓடாம ஒரு எடம் கெட்டுப்போச்சு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியல. இதுக்குக் கண்ணாடி கெடையாதுங்க" என்றார்.

திரும்பும் வழியில், "பசிக்கலையா ரோசி? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"பசிச்சுதுங்க. வீட்டுல அரிசி அவ்வளவுதான் போலன்னு இருந்துட்டேன்."

அதன்பின் அவள் இருந்தவரை, சாப்பாட்டின் நடுவே நானே தட்டைத் திருப்பி வைத்தேன். அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அதற்கு முன்னால் ஒருநாளும் நான் கேட்டதில்லை.