ஹாலுக்குக் கருநீலம்

ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு ஆந்தை என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் அதில் கோபமில்லை. ராத்திரி முழுக்க அடுப்பு வாசலில் நின்று தட்டுகளை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக வேலை. ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது இவர் கையில் ஒரு சூடான ரொட்டியோடு வீட்டுப் படியேறுவார். ஊருக்கு விடிந்தால் இவருக்கு இருட்ட வேண்டும். மனுஷன் வாழ்க்கையில் பெரிதாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஒரு காலத்தில் அது கிடைத்தும் இருந்தது. வீடு சின்னது: ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் சீப்பு எது, சோப்பு எது என்று தெரியும். இப்படியொரு குகையைப் பார்த்துப் பார்த்து வாங்கிய புத்திசாலி யாரப்பா என்று அவர் மனைவி உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அவருக்கோ அது சொர்க்கம். வேலை முடிந்து வந்து படுத்தால் மத்தியானம் வரை இடி விழுந்தாலும் தெரியாது.

மகனுக்குக் கல்யாணமானதும் அந்த அறையை அவராகத்தான் விட்டுக்கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. நான்தான் ராத்திரி வீட்டிலேயே இருப்பதில்லையே, எனக்கெதற்கு அறை என்று பெரிய மனுஷனாகச் சொன்னார். வேறு வீடு பார்க்கிற வரைக்கும்தான் என்று மகனும் சொன்னான். ஆனால் மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. யார் யாரோ போனில் கொட்டுகிற புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ராத்திரி அவர்களுக்குப் படுக்கையறையாக இருப்பது, மகன் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அவளுக்கு ஆபீஸாகிவிடும். கதவு சாத்தியே இருக்கும். ஆந்தைக்கு ஹால் சோபா.

ஹால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, சுவரில் பாதிக்குக் கண்ணாடி. சூரியனுக்கு வேறு போக்கிடமே இல்லாத மாதிரி நேராக வந்து சோபாவில் உட்காரும். முகத்தைத் திருப்பிப் படுத்தால் எதிர்ச்சுவர் பளபளக்கும். அவர் ஒரு துண்டை நனைத்து மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தார். துண்டு காய்கிற வரை ஒரு தூக்கம்; காய்ந்ததும் எழுந்து நனைத்து வந்து இன்னொரு தூக்கம். இதற்கெல்லாம் தூக்கம் என்று பெயரா? வாசல் மணி அடித்தால் போதும், தலையணையைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். அவர் ஹாலில்தான் படுக்கிறார் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொன்னால் மகன் முகம் சுருங்கும், மருமகள் கண் கலங்கும். அந்தப் பாவத்தை அவர் எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும்?

தூங்காத உடம்பு சும்மா விடுமா? நின்றபடியே கண் அசந்ததில் ஒரு முறை அடுப்பிலிருந்த ரொட்டி அத்தனையும் கரிக்கட்டையாக வெளியே வந்தது. இன்னொரு நாள் அடுப்புக் கதவின் விளிம்பில் கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டில் தோல் பட்டையாக உரிந்தது. சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு தடவை இப்படி ஆனால் அடுப்புப் பக்கமே விடமாட்டேன், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். வீட்டில் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்துக் கேட்டதற்கு, அடுப்பென்றால் சுடாமல் ஜில்லென்றா இருக்கும் என்று சிரித்து மழுப்பினார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது, சரி. இவர் எதையும் திருடவில்லையே. தன் அறையைத் தானே எடுத்துக் கொடுத்தவர், அவருக்கும் அதே கதிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனும் மருமகளும் வீடு பார்க்கப் போவார்கள். திரும்பி வரும்போது இவர் ஒன்றும் கேட்கமாட்டார், முகத்தை மட்டும் பார்ப்பார். ஒரு வீட்டில் தண்ணீர் வராது, ஒரு வீட்டில் படி செங்குத்து, இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். கொஞ்ச நாளாக அந்தப் போக்குவரத்தும் நின்றுபோயிருந்தது. இருந்த தூக்கக் கலக்கத்தில் இவர் அதைக் கவனிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, ஹால் ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் போடலாமா என்று மருமகள் கேட்டாள். பழைய திரைச்சீலை வெயில் பட்டுப் பட்டுச் சல்லடையாகிவிட்டது. ஓரத்தில் சங்கிலியை இழுத்தால் துணி சுருண்டு மேலே போகிற, இறக்கிவிட்டால் ஜன்னலை மூடுகிற பிளைண்ட்ஸ் ஹாலுக்கு அழகாக இருக்கும் என்றாள். ஆந்தைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் போனில் காட்டிய படங்களைப் பார்த்ததும் அந்தப் பால் திரிந்துவிட்டது. முத்து நிறம், தந்த நிறம், கடல் நுரை. எல்லாம் வெள்ளைக்கு அண்ணன் தம்பிகள். சூரியன் அதில் புகுந்து இன்னும் பெரிதாகத்தான் வரும்.

அன்றிலிருந்து அவர் கலர் நிபுணர் ஆனார். போட்டிருக்கிற சட்டை என்ன நிறம் என்று குனிந்து பார்த்துச் சொல்கிற ஆள், சாப்பிடும்போதெல்லாம் நிறம் பற்றிப் பேசினார். வெளிர் நிறம் அழுக்குத் தாங்காது. வெளிர் நிறம் சீக்கிரம் மஞ்சளடிக்கும். சாம்பல் சோபாவுக்குக் கருநீலம் வைத்தால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் தெரியுமா? அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று மகன் மனைவியைப் பார்த்தான். தூங்குவதற்கு இருட்டு வேண்டும் என்ற ஒரு வரியைச் சொல்ல வாய் வராமல், மனுஷன் ஊரைச் சுற்றி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிளைண்ட்ஸ்காரர் அளவெடுக்க வந்தார். துணித்துண்டுகள் ஒட்டிய தடித்த புத்தகத்தைச் சோபாவில் விரித்துவிட்டு, சுவரைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், குஷனைக் கையிலெடுத்துத் திருப்பினார். ஜன்னல் நிறம் ஒன்று சுவரோடு ஒட்டிப்போக வேண்டும், இல்லையென்றால் குஷனில் இருக்கிற ஏதாவது ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்; இரண்டும் இல்லையென்றால், கல்யாண வீட்டில் யார் பக்கத்து ஆள் என்றே தெரியாதவர் மாதிரி ஜன்னல் தனியாக முழித்துக்கொண்டு நிற்கும் என்றார். சின்ன ஹாலுக்கு வெளிர் நிறம்தான் நல்லது, பெரிதாகக் காட்டும் என்றும் சொன்னார். மருமகள் கடல் நுரையில் விரலை வைத்தாள். ஆந்தை மெதுவாக எழுந்து, கருநீலத் துண்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தார். சூரியன் கொஞ்சம்கூடத் தெரியவில்லை. குஷன் ஓரத்தில் ஒரு கருநீலக் கோடு ஓடுவதை அவர்தான் கண்டுபிடித்து, வெற்றி வீரனாகக் காட்டினார்.

"கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல சார்," என்றார் பிளைண்ட்ஸ்காரர். "பின்னாடி பூச்சு போட்ட துணியும் இருக்கு, போடாத துணியும் இருக்கு. நீங்க பிடிச்சுப் பாத்தது பூச்சு போட்டது, அது வெளிச்சத்த உள்ளயே விடாது. பகல்ல யாராவது இங்க தூங்குவாங்களா?"

இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வியை, முன்பின் தெரியாத ஒருவர் பொசுக்கென்று கேட்டுவிட்டார். மகன் தரையைப் பார்த்தான். அவன் காது சிவப்பதை ஆந்தை பார்த்தார். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது சிவக்கிற அதே காது. பார்த்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை.

"சேச்சே, இது ஹாலு. ஹால்ல யாரு தூங்குவா?" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை அவரே போட்டு உடைத்துவிட்டார். பிளைண்ட்ஸ்காரர் பூச்சு போடாத துணிப் பக்கத்தைத் திருப்பவும் ஆரம்பித்துவிட்டார்.

"இல்லீங்க," என்றாள் மருமகள். "மாமா நைட் ஷிஃப்ட். இங்கதான் தூங்குறாங்க. வெயில் மூஞ்சில அடிக்குது. பூச்சு போட்டதே போடுங்க. மாமா சொன்ன அந்தக் கருநீலத்துலயே."

பிளைண்ட்ஸ்காரர் தலையாட்டிவிட்டு டேப்பை இழுத்தார். ஆந்தைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்தப் பெண்ணைப் போய், வெயில் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று ஒரு நாள் மனதுக்குள் திட்டியது ஞாபகம் வந்து, கூனிக்குறுகிப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பிளைண்ட்ஸ்காரர் அடுத்த ஜன்னல் எது என்று கேட்டார். அடுத்த ஜன்னலா? மகன் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டான். அந்தச் சுவர் பார்த்த ஜன்னலுக்கு மருமகள் யாரையும் கேட்கவில்லை; முன்பே மனதில் எடுத்து வைத்திருந்தவள் போல ஒரே திருப்பில் எடுத்தாள். இளமஞ்சள், அதில் சின்னச் சின்ன வெள்ளை மேகம். இருட்டு அறைக்கு இதுதான் சரி, விளக்குப் போட்ட மாதிரி இருக்கும் என்று பிளைண்ட்ஸ்காரரும் பாராட்டினார். மேகம் எதற்கு என்று ஆந்தைக்குப் புரியவில்லை. மகன் பக்கத்தில் வந்து, பிளைண்ட்ஸ்காரருக்குக் கேட்காமல் சொன்னான்.

"அப்பா, நீங்க தாத்தா ஆகப்போறீங்க."

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அது பொய்யில்லை, அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மருமகள் தலை குனிந்து மேகத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். செத்துப்போன மனைவியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உன் குகையில் ஒரு குட்டி வரப்போகிறது என்று சொன்னால் எப்படிச் சிரித்திருப்பாள்!

பிளைண்ட்ஸ்காரர் அளவை இரண்டு முறை எடுத்துச் சரிபார்த்துவிட்டு, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன் என்றார். பிளைண்ட்ஸ் இந்த ஜன்னலுக்கென்றே வெட்டுவது. வெட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். கழற்றிக்கொண்டு போனால் வேறு வீட்டு ஜன்னலுக்கு ஒத்தும் வராது. வீடு மாறுகிற யோசனை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், சாதாரணத் திரைச்சீலை போதும் என்றார்.

"இனிமே எங்க போறது?" என்றான் மகன். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி. "வீடு பாக்குறதையே விட்டுட்டோம். குழந்தை வரும்போது அப்பா கூட இருக்கணும். இங்கயேதான். என்னப்பா, வெட்டச் சொல்லிடலாமா?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். என்ன சொல்வார்? எனக்கு என் அறை வேண்டும் என்றா? பிறக்கப்போகிற குழந்தையோடு போட்டிக்கு நிற்பதா? ஒருத்தராவது அவரைக் கொடுமைப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற வீட்டில் யாரிடம் போய் முறையிடுவது?

"வெட்டச் சொல்லு," என்றார் ஆந்தை.

அந்த வாரமே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். உண்மையில் ஹால் நன்றாகத்தான் இருந்தது. குஷன் கோடும் ஜன்னலும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை மாதிரி ஒத்துப்போயின. மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவர், ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, கைகால் கழுவி, சங்கிலியை இழுத்தார். கருநீலம் இறங்கியது. இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. தலையணையை ஒளித்துவைக்கிற வேலையும் இனி இல்லை. சோபாவில் நீட்டிப் படுத்தார். போனதெல்லாம் போகட்டும், இது போதுமடா சாமி என்று நினைத்தார். கண் சொருகியது.

படுக்கையறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மருமகளுக்குக் குமட்டல். குளியலறைக்கு ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். மாமா தூங்குகிறாரே என்று அவள் விளக்குப் போடவில்லை. சுவரைத் தடவித் தடவி வந்தாள். டீப்பாயில் கால் இடித்தது. வலியை அவள் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டது இவருக்குக் கேட்டது. தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"லைட்ட போடும்மா."

"வேணாம் மாமா. நீங்க தூங்குங்க. வழி பழகிடும்."

அவள் போய்விட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனாள். பிறகு மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார். இப்போது சோபா முனை, இப்போது டீப்பாய், இப்போது குளியலறை வாசலில் அந்த ஒற்றைப் படி. அந்தப் படி ஈரமாக இருக்கும். அவர் கைகால் கழுவிவிட்டு வந்த ஈரம். நான் தூங்குவதற்காக இந்தப் பெண் விழுந்து தொலைத்தால்? அதற்கு மேல் அவரால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்துபோய்ச் சங்கிலியை இழுத்தார். துணி சுருண்டு மேலே போனது, வெயில் நேராக வந்து சோபாவில் உட்கார்ந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த மருமகள் அப்படியே நின்றாள். "ஏன் மாமா, கலர் பிடிக்கலையா?"

"கலரு நல்லாத்தாம்மா இருக்கு. எனக்குத்தான் இருட்டுல தூக்கம் வரமாட்டேங்குது. பழக்கம் விட்டுப்போச்சு."

அவள் நம்பினாள். அதற்கு மேல் கேட்காமல், டீப்பாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். போனில் யாருடைய புகாரையோ அவள் பொறுமையாகக் கேட்பது கதவு வழியாகக் கேட்டது. ஆந்தை குளியலறைப் படியைக் காயத் துடைத்தார். பிறகு துண்டை நனைத்துப் பிழிந்து, மடித்து, கண்ணில் கட்டிக்கொண்டு படுத்தார். அன்று ராத்திரியும் வேலை இருந்தது.