இரண்டு புள்ளி நாலு

தையல் ஆலையில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. பதினான்கு வருடம் அளவு நாடாவோடு நின்றதில் எதையும் அப்படியே நம்பும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பால் பாக்கெட்டின் தேதியைக்கூட இரண்டு தடவை பார்ப்பாள்.

நாற்பத்து மூன்று வயதில் கருப்பை வாயில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான் என்று சொல்லிக் கருப்பையை எடுத்தார் டாக்டரம்மா. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை, வெட்டிய ஓரமும் சுத்தம் என்றார்கள். அவள் மூச்சு விட்டாள். மறுவாரமே, “எதுக்கும் கதிர்வீச்சு குடுத்துடலாம்மா” என்றார் டாக்டரம்மா.

“பரவலைன்னு சொன்னீங்களே?”

“பரவலைதான். ஆனா கட்டி பெருசு, நாலு சென்டிமீட்டருக்கு மேல. பாதி ஆழம் வரைக்கும் இறங்கியிருக்கு. ரெண்டும் சேர்ந்தா திரும்ப வர வாய்ப்பு அதிகம்.”

எதையோ மறைக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கணவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. தங்கை வந்தால் இருவரும் சமையலறையில் குசுகுசுப்பார்கள். இவள் தலை தெரிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள்.

“என்னடி, எனக்கு எத்தனை நாள் கெடு?”

“சும்மா இருக்கா!” தங்கை அழுதேவிட்டாள்.

கணவர் வேலைக்குப் போன ஒரு மதியம் பீரோவைக் குடைந்தாள். அவருடைய பேன்ட்டுகளுக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு இருந்தது. மருத்துவ வார்த்தைகள் பிடிபடவில்லை. எண்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனில் கட்டி 2.4. ஆய்வக அறிக்கையின் முதல் பக்கத்திலும் 2.4. கடைசிப் பக்கத்தில் 4.2.

சாயங்காலம் கோப்பைக் கணவர் முன்னால் போட்டாள். “ஏங்க ஒளிச்சு வச்சீங்க?”

“நீ பார்த்தா தூங்கமாட்டேன்னுதான். எனக்கே தூக்கம் போச்சு.”

அதையும் அவள் பாதிதான் நம்பினாள்.

மறுநாள் இரண்டு பக்கங்களையும் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எடுத்து வைத்திருந்த திசுவை ஆய்வகத்தில் மறுபடி அளந்தார்கள். 2.4தான், ரத்தக்குழாய்களுக்குள்ளும் நோய் நுழைந்திருக்கவில்லை.

“தப்பு எங்க மேல. மன்னிச்சுக்கோங்க. இந்த அளவுக்குக் கதிர்வீச்சு வேண்டாம்.”

நல்ல செய்தி வந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. “நான் கேட்டேன்னு கம்மி பண்ணிட்டீங்களா?”

டாக்டரம்மா கோபப்படவில்லை. “ஸ்லைடு எல்லாம் தர்றேன். வேற எங்கயாவது காட்டுங்க.”

காட்டினாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியிலும் அதே அளவுதான். “கதிர்வீச்சு குடலையும் மூத்திரப்பையையும் சும்மா விடாதும்மா. தேவையில்லாம எதுக்கு? அஞ்சு வருஷத்துக்கு செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க” என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர்.

மூன்று வருடமாகத் தவறாமல் போகிறாள். நோய் திரும்பவில்லை. ஆனாலும் அறிக்கையைக் கடைசி வரி வரை படிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

“எப்பத்தான் நம்புவே?” என்று கேட்டார் கணவர், பேருந்து நிறுத்தத்தில்.

“அஞ்சு வருஷம் போகட்டும், பாக்கலாம்” என்றாள்.