பின்வாசல் முதலாளியம்மா

கோடைக்காலம் வந்தால் இந்த ஊரில் எனக்குப் பெரிய குழப்பம், விளக்கு வைக்கிற நேரம்தான். எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் விளக்கேற்றிவிடுவோம். இங்கே வேல்ஸ் மலைக்குள் ஜூன் மாதத்தில் பொழுது சாய்கிற வழியைக் காணோம். விசேஷ வீட்டில் பந்தி முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் மாமாவைப்போல, சூரியன் மலை உச்சியில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறது. கடிகாரம் ஆறு மணி என்கிறது, ஜன்னலைப் பார்த்தால் உச்சிப்பொழுது மாதிரி வெளிச்சம். சாமிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று நானாக முடிவு செய்து, அந்த வெளிச்சத்திலேயே தீக்குச்சியைக் கிழிப்பேன். என் மகள் கயலுக்கு எட்டு வயது. "இருட்டவே இல்லையேம்மா, எதுக்கு விளக்கு?" என்பாள். அவள் கேட்பதிலும் ஞாயம் இருக்கிறது.

நான் விளக்கேற்றுகிற அந்த நேரத்துக்குத்தான் ஊரே குடும்பத்தோடு வெளியில் கிளம்பும். கல்யாணமான புதிதில் நாங்கள் மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். வெயில் தணிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு ஜனம் வந்து குளத்துச் சுவரில் வரிசையாக உட்காரும். சுண்டல், பருத்திப்பால், பலூன், ஊர்வம்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும். இந்த மலைக்கிராமத்தில் தெப்பக்குளத்துக்குப் பதிலாக இருப்பது பப். பச்சையாகச் சொன்னால், சாராயக்கடை. அதன் தோட்டத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு உயர நாற்காலி, நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம், பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. சர்ச்சுப் பாதிரியார் ஒரு கையில் பீரும் மறு கையில் பேரனுமாக உட்கார்ந்திருக்கிறார். வந்த புதிதில் இதைத் தெருவிலிருந்து பார்த்த நான், கயலின் கண்ணைப் பொத்தி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. தாத்தா காலம்வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒரு துண்டு மானாவாரி நிலம் வந்தது. அதே சமயத்தில் ஊர் முக்கில் சாராயக்கடையும் வந்தது. அப்பா நிலத்தைவிடக் கடையில்தான் அதிக நேரம் நின்றார். எங்கள் ஊரில் அந்தக் கடைக்கு முன்வாசல் பக்கம் பொம்பளைகள் நடக்கவே மாட்டோம். ஆம்பளைகளே துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாகத்தான் போவார்கள். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கம்மா தலைமையில் பெண்கள் எல்லாரும் விளக்குமாறோடு போய்க் கடை முன்னால் ரோட்டில் உட்கார்ந்தோம். கோஷம் போட்டது நான், ஏனென்றால் எனக்குத்தான் குரல் கணீரென்று இருந்தது. கடையை அங்கிருந்து தூக்கி ஊருக்கு வெளியே வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்கப்புறம் அப்பா சைக்கிள் வாங்கினார்.

அப்பேர்ப்பட்டவளுடைய மகளுக்குத்தான் பப்பில் நடக்கும் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. அழைப்பு வந்ததே பெரிய விஷயம். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் வீட்டுக்காரர் பக்கத்து டவுனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஊர் ஒருமாதிரி பிடிபட்டுவிட்டது, கயலுக்குத்தான் பிடிபடவில்லை. வீட்டில் வாயாடி, பள்ளிக்கூட வாசலை மிதித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். யாரோடும் பேசுவதில்லை, விளையாட்டு நேரத்தில் வேலியோரமாகத் தனியாக நிற்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "லீவு விடுறதுக்குள்ள இவ ஒரு புள்ளகிட்டயாவது வாயத் தொறக்கலைன்னா, இவளக் கூட்டிக்கிட்டு நான் உசிலம்பட்டிக்கே போயிருவேன். நீங்க இருந்து சம்பாதிங்க." நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

லீவுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, மேகன் என்கிற வகுப்புப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிறந்தநாள், கயலை அழைத்துக்கொண்டு வாருங்கள், நீங்களும் இருங்கள் என்று சொன்னாள். இடத்தைச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்காரருக்கு அன்றைக்குச் சாயங்கால ஷிப்ட். "இங்கன அதெல்லாம் ஹோட்டல் மாதிரிதான், பேசாமப் போயிட்டு வா" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். நெஞ்சுக்குள் கோஷம் போட்ட பிள்ளை ஒரு பக்கம், வேலியோரம் நிற்கிற பிள்ளை ஒரு பக்கம். வேலியோரம் நின்றவள்தான் ஜெயித்தாள். அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, பரிசாகக் கொடுக்க ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பப் இருக்கிற தெருவுக்கு வந்ததும் முன்னும் பின்னும் பார்த்தேன். இந்த ஊரில் எங்கள் வீட்டைத் தவிர தமிழ் ஆளே கிடையாது. ஆடுகள்கூட வேல்ஸ் பாஷைதான் பேசும். அப்படியிருந்தும் யாராவது பார்த்துவிட்டால் என்னாவது என்று ஒரு பயம். முந்தானையைத் தலையில் போட்டு முகத்தை இழுத்து மூடிக்கொண்டு, முன்வாசலைத் தாண்டி, கயலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்சந்துக்குள் புகுந்துவிட்டேன். அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே போனால் அடுப்படி.

அடுப்படியில் ஆஜானுபாகுவாக ஒரு அம்மா, முகமெல்லாம் சிவந்து வியர்த்து, எண்ணெய்ச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்தாள். கேரிஸ் என்று பெயர், பப்புக்கு முதலாளி அவள்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு ஆஸ்பத்திரி இங்கிலீஷ் நன்றாக வரும்; நாடித்துடிப்பு, மலச்சிக்கல் பற்றியெல்லாம் யாரோடும் தடையில்லாமல் பேசுவேன். ஆனால் இந்த மலைக்காரர்கள் ராகம்போட்டுப் பேசுவதில் பாதி காற்றோடு போய்விடும். என்னைப் பார்த்ததும் அவள் சொன்னதில் "வந்துவிட்டாயா, நல்லவேளை" என்பது மட்டும் விளங்கியது. கயலைப் பார்த்து, பிள்ளை தோட்டத்தில் விளையாடட்டும் என்று உள்கதவைக் காட்டினாள். எனக்கு ஒரு ஏப்ரனை மாட்டி, கையில் கத்தியைக் கொடுத்து, ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் நினைத்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு காதுகுத்து, வளைகாப்பு என்றால், நெருங்கிய பொம்பளைகள் வந்தவுடன் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். நேரே கொல்லைப்பக்கம் போய் அரிவாள்மனையை இழுத்துப்போட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். முன்னால் உட்காருகிறவர்கள் விருந்தாளி, பின்னால் போகிறவர்கள் சொந்தம். அட, இந்த ஊரிலும் அதே பழக்கமா, வந்து ஒரு வருஷத்தில் நம்மையும் வீட்டு மனுஷியாகச் சேர்த்துக்கொண்டார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தால் என்று கேரிஸ் நினைத்திருப்பாள். மற்ற அம்மாக்கள் யாரையும் அடுப்படியில் காணவில்லையே என்று ஒருதரம் தோன்றியது. கொடுத்துவைக்காதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயம் முடிந்து உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு முடிந்து தட்டு கழுவுதல் என்று கை ஓடிக்கொண்டே இருந்தது. கேரிஸுக்கு என் வேகத்தைப் பார்த்து மலைப்பு. ஆயிரம் பேர் சாப்பிடும் விசேஷத்துக்கு உரித்த கை இது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

நடுநடுவே கயல் ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். மேகனுக்கு இன்னும் கொஞ்சம் சிப்ஸ் வேண்டுமாம், டாமுக்கு சாஸ் வேண்டுமாம் என்பாள். கேரிஸ் தலையாட்ட, நான் தட்டில் அள்ளிக் கொடுப்பேன். பிள்ளைகளின் பெயரெல்லாம் அவள் வாயில் வருகிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என்ன பேசுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்போதுதான் முன்வாசல் வழியாக, ஜம்மென்று, ஒரு நடுத்தர வயதுப் பெண் அடுப்படிக்குள் வந்து பையை ஆணியில் மாட்டினாள். பஸ் வரவில்லை, அதனால்தான் தாமதம், அடுப்படி வேலைக்கு இன்றிலிருந்து வரச்சொல்லிப் போனில் பேசியது என்னிடம்தான் என்றாள். கேரிஸ் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் ஏப்ரனுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த பட்டுப்புடவைக் கரையைப் பார்த்தாள். "அப்படியென்றால் நீங்கள் யார்?" என்று கேட்டாள். கயலுடைய அம்மா, பிறந்தநாளுக்கு வந்தேன் என்றேன்.

சிவந்திருந்த அந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பேச்சுச் சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து மேகனின் அம்மா ஓடி வந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்கிறார்கள், நிறுத்துவதாக இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்காயத்தை ரொம்பப் பொடியாக அரிந்துவிட்டேனோ என்று கேட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சொந்தமென்று கூப்பிடவில்லை, என் நிறத்தைப் பார்த்து, வேலைக்காரி என்று நினைத்திருக்கிறார்கள். சுருக்கென்றுதான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலை செய்தது வலிக்கவில்லை. ஒரு மணி நேரமாக நான் தனியாகக் கொண்டாடிய சந்தோஷம் வலித்தது. ஆனாலும் பின்வாசல் வழியாக முக்காடு போட்டுக்கொண்டு வந்தவள் நான்தானே, அவளை மட்டும் எப்படிக் குற்றம் சொல்ல. எங்கள் ஊரில் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரிதான் வெங்காயம் உரிப்பாள், அதனால்தான் நின்றேன் என்று என் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் விளக்கினேன். கேரிஸ் என் ஈரக்கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாருங்கள், முதலில் வெளியில் வந்து உட்காருங்கள் என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

தோட்டத்தில் நான் கண்டதை என்னவென்று சொல்ல. ஊஞ்சலில் நடுநாயகமாக என் மகள். சுற்றிலும் பிள்ளைகள். கையை ஆட்டி ஆட்டி, ஓயாமல் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள். வேலியோரம் நின்ற பிள்ளையா இது என்று நான் வாயைப் பிளந்து நின்றபோது, மேகன் என்னிடம் ஓடி வந்தாள். "இந்த பப் உங்களுடையதாமே, நிஜமா?" என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். நான் ஏப்ரன் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த என் மகள், இது எங்க அம்மா கடை, நான் கேட்டால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாள். சந்தேகப்பட்டவர்களுக்கு உள்ளே போய் சிப்ஸ் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். இந்த நாட்டில் அவள் வாய் திறந்து பேசிய முதல் பேச்சே பச்சைப் பொய். இப்போது ஊஞ்சலை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலால் புல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கு அவள் மறுபடி வேலியோரம் போய்விடுவாள். பக்கத்தில் நிஜ முதலாளி நிற்கிறாள். சாராயக்கடையை மூடு என்று தொண்டை கிழியக் கத்திய அதே வாயால் சொன்னேன்.

"ஆமாம். என்னுடைய கடைதான்."

கேரிஸ் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். கயலைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, "முதலாளியம்மா, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டாள். கொண்டுவா என்று உத்தரவு போட்டேன். கயல் ஊஞ்சலை உந்தினாள்.

லீவு விட்டார்கள். நான் பெட்டி கட்டவில்லை. ஆனால் பொய்க்குக் கால் முளைத்தால் சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கயல் அவள் அம்மாச்சியிடம், அதாவது விளக்குமாறு தூக்கிய எங்கம்மாவிடம், "அம்மாச்சி, இங்கன எங்கம்மா கடை வச்சிருக்காக" என்று முழங்கிவிட்டாள். என்ன கடைத்தா என்று அம்மா கேட்டாள். சாப்பாட்டுக் கடை என்றேன். அதுவும் முழுப்பொய் இல்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே குலசாமி கருப்பசாமி கோயிலுக்குப் போய், மக கடை செழிக்கணும் என்று தேங்காய் உடைத்துவிட்டாள். கருப்பசாமிக்குப் படையலில் சுருட்டோடு சாராயமும் உண்டு என்பதால், விஷயம் தெரிந்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பிள்ளையிடம் திருநீற்றுப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். கல்லாப்பெட்டியில் பூசவேண்டுமாம்.

போன வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கேரிஸிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். பிறகு கல்லாவுக்கு முன்னால் இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லி, பூசு என்றாள். பீர் குழாய்களுக்கு நடுவே நின்று, கண்ணை மூடி, மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்தேன். பொட்டலத்தில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எங்களுக்கென்று ஒரு நிலைவாசல் உசிலம்பட்டியில் அமையுமோ இந்த மலையில் அமையுமோ தெரியவில்லை, அமைகிற அன்றைக்குப் பூசிக்கொள்ளலாம்.