துத்னா கல்லறையின் தாழ்ந்த வாசல்

திபிலேயின் வாய்க்கு க்ளெவ்சின் ஊரே பயப்படும். பதினோரு வயதில் சந்தையில் விலைக்கு வாங்கி வரப்பட்டவள். முப்பத்திரண்டு வருடம் துத்னா வீட்டுத் தறியில் முதுகை ஒடித்தவள். வீட்டு எஜமானியான பெரியம்மா சாகும் தறுவாயில் அவளையும் அவள் புருஷன் லிகாந்த்ரேயையும் விடுதலை செய்தாள். அன்றிலிருந்து அவன் 'லௌத்னி'. விடுதலையான அடிமை என்று ஊர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லும் வார்த்தை.

லிகாந்த்ரே போன வாரம் செத்தான். பெரியம்மா பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பதுதான் அவன் கடைசியாகக் கேட்டது. சாம்பல் நிறைந்த மண்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திபிலே துத்னா கல்லறைக்குப் போனாள். செத்த தாய்க்குப் படையலாக ஒயின் ஊற்ற வந்திருந்த பெரியம்மாவின் மகள் லார்தியா கற்கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் பெயர் எழுத வந்த அவ்லே, சிவப்புச் சாயத்தைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கிறது எங்க குடும்பம். உன் புருஷனுக்கு அங்க என்னடி வேலை?"

"அவரு லௌத்னிம்மா. உங்கம்மா வாயால சொன்னது."

"அதைத்தான் நானும் சொல்றேன். அடிமையா கிடந்தவன்."

அவ்லே நிமிராமலே சொன்னான்: "'லௌத்ன்'னா குடும்பம்னு அர்த்தம். அதுல பொறந்ததுதான் லௌத்னி. வீட்டோட சேர்த்துக்கிட்ட ஆளுக்கு வச்ச பேரு. அதை வசவாக்குனது நாமதான்."

"எழுத வந்தவன் எழுதுடா. உன்கிட்ட யாரு பாடம் கேட்டா?" லார்தியா சீறினாள். "உன் புருஷனை வெளியே நடையில வச்சுட்டுப் போடி. டேய், நீ அந்த வார்த்தையப் பெருசா எழுது. சொந்தக்காரன்னு எவனும் நினைச்சிடக் கூடாது."

திபிலே குளிப்பாட்டி, பேன் பார்த்து வளர்த்த பிள்ளை இது. கதவுக்கு வெளியே, நிலையை ஒட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு மாடம் காலியாக இருந்தது. அந்த வாசலில் குனியாமல் யாரும் நுழைய முடியாது.

"சரிம்மா. பெருசாவே எழுதட்டும்."

சாயம் காய்ந்ததும் பெட்டியை மாடத்தில் வைத்து, எழுத்தை வெளிப்பக்கம் திருப்பினாள். அவன் கேட்ட இடம் இதுவல்ல. லார்தியா ஒயின் குடத்தோடு குனிந்தாள். சிவப்பு எழுத்து அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"நல்லா குனிங்கம்மா," என்றாள் திபிலே. "எங்க வீட்டுக்காரருக்குக் கும்பிடு போடாம இனி உங்க வம்சத்துல ஒருத்தரும் உள்ள போக முடியாது. நாளைக்கு உங்களைத் தூக்கிட்டு வர்றவனும் இப்படித்தான் குனியணும்."