மச்சான் தெளிய வைத்த இறால் குட்டை

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒரு செல் உயிர்களைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டேன். என் மனைவியின் அண்ணனிடம் மட்டும் தோற்றுப்போனேன். பிச்சாவரம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் அவருக்கு, கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அழுக்கு.

குட்டைத் தண்ணீர் நல்ல டீ நிறத்தில் இருந்தது. டயாட்டம் என்ற ஒரு செல் உயிர்கள் கொடுத்த நிறம் அது. வெயிலை வாங்கித் தண்ணீருக்குப் பிராணவாயு கொடுக்கும், இறாலுக்குத் தீனியாகவும் போகும். சம்பளம் கேட்காமல் வேலை பார்த்ததால் மச்சானுக்கு அவற்றின் அருமை தெரியவில்லை.

அடுத்த மாதம் அந்த இறாலைப் பிடித்து விற்றுத்தான் அவர் மகள் கல்யாணம். பெண்ணைப் பிடித்துப்போன பண்ருட்டி மாப்பிள்ளை வீட்டார் குட்டையையும் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பெண் மட்டும் போதாது போலிருக்கிறது.

“தண்ணி சாக்கட மாதிரி இருக்குது மாப்ள. மானம் போயிடும்.”

“அந்தக் கலரு இருந்தாதான் மச்சான் இறாலு மூச்சு வுடும். அத கொன்னா அடியில அழுகிப் போயி, வேற ஒரு செல் உயிரு வந்து செவுள்ல ஒட்டிக்கும்.”

“கண்ணுக்கே தெரியல, அதுல நல்லவன் கெட்டவன் வேறயா? உங்களுக்குப் படிப்பு ஜாஸ்தியாப் போச்சி.”

பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினார். சில நாளில் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. கோயில் குளத்துக்கே கிடைக்காத தெளிவு. விருந்தாளிகள் வரும் காலையில், அலையடித்தால் அந்த அழகு தெரியாதென்று தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்களையும் நிறுத்திவைத்தார்.

அவர்கள் வந்தபோது கரையோரம் முழுக்க இறால். மூச்சு முட்டி மேலே வந்து நின்றன. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செவுளில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. நான் சொன்ன அந்தக் கெட்டவர்கள், பத்திரிகை வைக்காமலே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா முந்திரியைத் தவிர எதையும் வளர்த்தறியாதவர். அவருக்கு ஒரே சந்தோஷம். “அடேங்கப்பா! எவ்ளோ இறாலு! கையாலயே அள்ளிடலாம் போல இருக்குதே!”

மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. சக்கரத்தைப் போட ஓடினார். சம்பந்தி கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்க, சத்தத்துக்கு உள்ள போயிடப் போவுது. ஒரு போட்டோ எடுத்துக்கறோம்.”

போட்டோவில் மச்சான் நடுவில் நின்று சிரித்தார். பிறகு மெல்ல என் பக்கம் ஒதுங்கினார்.

“மாப்ள, அந்தப் பழுப்பு திரும்ப வர எத்தினி நாளாவும்? கல்யாணத்துக்குள்ள வந்துடுமா?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம்.